தம்பியின் கம்ப்யூட்டரைப் போட்டது நான்தான்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அதே போல இருந்தால் எங்களுக்கு அது போதும். போன வாரம் முழுக்க மழை, மாடிக் குழாய் ஒழுகி பீரோ பக்கத்துச் சுவர் ஊறிவிட்டது, ஆள் வந்து பூசிவிட்டுப் போனான். அம்மா மறுபடி பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்குப் போக ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது, ரிஜிஸ்டர் எழுதுகிற நேரமாவது மனசு வேறு பக்கம் இருக்கிறது என்கிறாள். என் முழங்கால் வலி பழையபடிதான், அதைப் பற்றிப் பேசினால் அதற்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று விட்டுவிட்டேன். நேராக விஷயத்துக்கு வரவேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன், பார், மழை, குழாய், முழங்கால் என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் உன் போனில் தம்பி பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்து எரிந்து அணைந்ததே, அது நான்தான் அம்மாடி. வேறு யாரும் இல்லை, உனக்குப் புத்தியும் பேதலிக்கவில்லை.

நீ அம்மாவைக் கூப்பிட்டு அவன் ரூம்ல யாரும்மா இருக்கா என்று கேட்டாயாம், யாரு இருப்பா, பூட்டித்தானே கிடக்கு என்று அவள் சொன்னாளாம். அப்போது அவளுக்குத் தெரியாது. அவன் போய் ஏழு மாதமாக அந்த அறையில் ஒரு சாமானையும் நகர்த்த அவள் விடவில்லை, நாற்காலி முதுகில் அவன் மாட்டிய சட்டை அப்படியே கிடக்கிறது. அவள் வேலைக்குப் போன பிறகு அவன் வண்டிக் காகிதம் தேடித்தான் திறந்தேன். மேசையில் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு. என் பட்டறையில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும்போது என்னென்ன சோதித்தாயிற்று என்று சிலேட்டில் நேரத்தோடு எழுதி வைப்பேனே, நீங்கள் இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்களே, அந்தச் சிரித்த பயல் அதையேதான் செய்திருக்கிறான். கடைசியாக அவன் வாங்கினானே ஒரு கிராபிக்ஸ் கார்டு, அதைப் போட்டதிலிருந்து கம்ப்யூட்டர் நாலு நிமிஷத்துக்கு மேல் ஓடாமல் உறைந்து நின்றிருக்கிறது. டிரைவர் சாஃப்ட்வேரை எடுத்துட்டு மறுபடி போட்டேன், நிக்குது. மெமரி ராமைக் கழட்டித் துடைச்சு மாட்டினேன், நிக்குது. சூடு பார்த்தேன், சரியா இருக்கு. பழைய கார்டு போட்டா ஓடுது. இப்படி ஒரு பக்கம் முழுக்க. அந்தப் பக்கத்தின் கடைசி வரி, அப்பாகிட்ட கேட்டேன், அது இல்லைங்கறார்.

கேட்டான் அம்மாடி. அன்றைக்குக் காலையில் கேட்டான், நான் கண்ணாடி முன்னால் முகத்தில் சோப்போடு நிற்கிறேன். புதுக் கார்டு கரண்ட் நிறைய இழுக்குதுப்பா, உள்ள இருக்கிற பவர் சப்ளை தாங்கலையோ, கொஞ்சம் மீட்டர் வச்சுப் பாக்கறீங்களா என்றான். நூறடி ஆழத்துத் தண்ணியை இழுக்கிற மோட்டாரையே ஓட்டிப் பார்த்தவன்டா நான், இந்தச் சுண்டைக்காய்ப் பெட்டிக்கா கரண்ட் பத்தாது, விளையாட்டைக் கொறை, எல்லாம் தானா சரியாகும் என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊரில் இருக்கிற மோட்டாருக்கெல்லாம் நாடி பார்த்தவன் வீட்டுப் பிள்ளை கேட்டதற்கு நாலடி எடுத்து வைக்கவில்லை. மத்தியான ஷிப்டுக்கு வண்டியில் போனவன் உயிரோடு திரும்பி வரவில்லை. அவன் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான், நான் அவனிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். இதை இந்தத் திங்கட்கிழமை வரை யாரிடமும் நான் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட.

அந்த வரியைப் படித்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது. அவன் நிறுத்திய இடத்திலிருந்து செய்து முடித்துவிடலாம் என்று சுவிட்சைப் போட்டேன். பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை. நாலு நிமிஷம் ஓடியது, அப்புறம் அம்புக்குறி நின்றது, மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அணைத்துப் போட்டேன், மறுபடி அதே. கார்டைக் கழற்றி அழுத்தி மாட்டினேன், ஒயரை மாற்றிச் செருகினேன், அதே. அந்தப் பெட்டி எழுந்திருக்கும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் இருவரும் எழுதிக்கொண்ட அந்தச் சாட்டும் தானாக எழுந்து, அவன் வந்துவிட்டான் என்று உன்னிடம் போய்ச் சொல்லும் என்று இந்தக் காயில் கட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும். வெள்ளிக்கிழமை மூன்றாவது தடவை போட்டபோது திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. டேய், நீயாடா என்று இருந்தது. மூடலாம் என்று மௌசைத் தொட்டேன், அந்த நிமிஷம் பார்த்து உறைந்துவிட்டது. மூடவும் முடியவில்லை, உனக்கு அப்பாதான் என்று இரண்டு எழுத்து அடிக்கவும் முடியவில்லை. உன் எழுத்து என் முகத்துக்கு நேரே அப்படியே நின்றது. அதற்கு மேலே நீ முன்பு எழுதியவையும் கொஞ்சம் தெரிந்தன. தேடிப் படிக்கவில்லை அம்மாடி, கண் முன்னால் நின்றதை மட்டும் படித்தேன், அதற்கே எனக்குத் தாங்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி. அன்னைக்கு எதுக்குடா கூப்பிட்டே. என்கிட்ட என்ன சொல்ல வந்தே. எடுத்திருக்கணும்டா நான். ஒரு நாள் தவறாமல் கேட்டிருக்கிறாய், போனில் எங்களிடம் சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்று சிரித்துப் பேசிவிட்டு. அவன் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், பெத்தவனுக்கு வெட்கம் என்ன.

அழுது முடித்துத்தான் நோட்டின் பக்கத்தைத் திருப்பினேன், அதுவரை அந்தப் புத்தி வரவில்லை. அடுத்த பக்கத்தில் இரண்டே வரி. பதினொன்னு இருபது, அக்காவைக் கூப்பிட்டேன், எடுக்கலை, மீட்டிங்ல இருப்பா. எவ்வளவு வாட் பவர் சப்ளை வேணும்னு நாளைக்குக் கேக்கணும். அவ்வளவுதான் அம்மாடி. உன்னிடம் அவன் சொல்ல வந்தது அவ்வளவுதான். உன்னைக் கூப்பிட்ட நேரத்தில் அவனுக்கு வலி இல்லை, பயம் இல்லை, உன் மேல் வருத்தம் இல்லை. நீ வேலையில் இருப்பாய் என்று அவனே எழுதிவிட்டு, சாப்பிட்டு, அரை மணி படுத்து எழுந்து, சட்டைக்கு அவனே இஸ்திரி போட்டு, அம்மாவிடம் அந்த விளையாட்டைப் பற்றி வழக்கம் போல வளவளவென்று பேசிவிட்டுத்தான் கிளம்பினான். நான் போய் மீட்டரை வைத்திருந்தால் அவன் உன்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டான். நீ ஏழு மாதமாகச் சுமக்கிறது என்னுடைய பாரம், அதை இறக்கி இந்தப் பக்கம் தள்ளிவிடு.

அதற்கப்புறம்தான் மீட்டரை எடுத்தேன். விளையாட்டைத் திறந்ததும் பன்னிரண்டு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பத்தரைக்கு இறங்கி நின்றுவிட்டது. அவன் சொன்னதுதான் சரி. திங்கட்கிழமை, உன் போனில் மறுபடி புள்ளி எரியாதபடி நெட் ஒயரைக் கழற்றிவிட்டு, பெரிய பவர் சப்ளை வாங்கி மாட்டினேன், மூன்று மணி நேரம் ஓடியது, ஒரு தடவைகூட நிற்கவில்லை. திரையில் அவனுடைய ஆள் ஒரு மைதானத்தில் வந்து நின்றான். எனக்கு அவனை நடக்க வைக்கத் தெரியாது, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அணைத்துவிட்டேன். சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சோப்பு நுரையோடு நின்றதையும். அவள் என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. அந்த இரண்டு வரியை மூன்று தடவை படிக்கச் சொன்னாள், அப்புறம் இதை அவளுக்கு உடனே எழுதுங்க, அந்தப் பொண்ணு ஒருத்தியா அங்க வெந்துக்கிட்டு இருக்கா என்றாள். இரண்டு தடவை போனை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன், அதனால்தான் கடிதம். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறேன், நிஜக் காகிதம் தபாலில் பின்னால் வரும், அதோடு நோட்டில் அந்த இரண்டாவது பக்கத்தையும் வைக்கிறேன். கிழிக்கக் கை வரவில்லை, அம்மாதான் பிளேடு வைத்து அலுங்காமல் எடுத்துத் தந்தாள். அவன் கையெழுத்து உன்னிடம்தான் இருக்க வேண்டும்.

சாட் தானாகத் திறக்காதபடி கடைக்காரரை வைத்து நிறுத்திவிட்டேன், இனி அந்தப் புள்ளி எரியாது, அதைப் பார்த்துக்கொண்டிருக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் மனசு விட்டுப் பேசு, அவர் பொறுமைசாலி, கேட்பார். நீங்கள் இருவரும் குறைவில்லாமல், நோய் நொடி அண்டாமல் நெடுநாள் வாழ வேண்டும், அது ஒன்றுதான் எங்கள் இருவருக்கும் இப்போது இருக்கிற ஆசை. மறக்காமல் ஒன்று. தம்பிக்கு எழுதுவதை நிறுத்தச் சொல்லவில்லை, உனக்கு ஆறுதலாக இருந்தால் தினமும் எழுது, நான் திறந்து பார்க்க மாட்டேன். ஆனால் அவனுக்கு எழுதுகிற அதையே எங்களுக்கும் எழுது அம்மாடி, இங்கே பதில் போட இரண்டு பேர் இருக்கிறோம்.

உன் அப்பா