காலுக்கடியில் பன்னீர்

மேட்டுக்காடு, ஆட்டையாம்பட்டி வழி
6.4.2025

எங்கள் குலத்தின் இருதய டாக்டர் தனப்பிரியாவுக்கு, முட்டைக் கோழிப் பண்ணை முதலாளியும் உன் தாய்மாமனுமான சென்னிமலை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் பாப்பாயி அத்தையும் ஐயாயிரம் கோழிகளும் சுகம். பெங்களூரில் உன் சுகத்தை எழுது.

என் போன் கிணற்றில் விழுந்துவிட்டது. அதனால்தான் கடிதம். ஏழாவதோடு நின்றவன் எழுத்து என்று சிரிக்காதே. என் கையெழுத்தை எங்கள் வாத்தியார் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

மாரியம்மன் நோம்பியில் குண்டம் இறங்கினேன் சாமி. மற்றவனெல்லாம் நாய் துரத்தின மாதிரி ஓடினான். நான் நெருப்புக்கு நடுவில் நின்றேன். நின்று, வேட்டியைச் சரிசெய்து, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன். சத்தியமாகக் காலில் ஒன்றுமே தெரியவில்லை. ஆத்தா காலுக்கடியில் பன்னீர் தெளித்த மாதிரி இருந்தது. பூசாரி மயில்சாமி மைக்கிலேயே சொன்னான், “சென்னிமலை, உன்ற விரதந்தான்டா விரதம்” என்று. போன வருஷம் குண்டம் இறங்கின குணசீலனுக்குக் காலில் கொப்புளம் வந்ததே, விரதத்தில் கறி தின்றிருப்பான் என்று ஊர் இன்னும் பேசுகிறது. நானும்தான் பேசினேன்.

கோயில் முகப்பில் உனக்கு ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தேன். ‘இருதய சிகிச்சை நிபுணர்’ என்று போட்டிருக்கிறது. போட்டோவில் உன் கழுத்து வெறுமையாக இருந்தது. கடைக்காரனிடம் சொல்லி ஸ்டெதாஸ்கோப் மாட்ட வைத்தேன். அசல் தோற்றுவிடும்.

இப்படிக்கு,
குண்டம் வென்ற உன் மாமன்

*

பெங்களூரு
14.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

தனப்பிரியாவின் வணக்கம். உங்கள் போன் சட்டைப் பையில்தான் இருக்கிறது என்று அத்தை சொன்னார்கள். பரவாயில்லை, கடிதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஃப்ளெக்ஸை இறக்கிவிடுங்கள் மாமா. தை மாதம் இளம்பிள்ளை ஊரில் நடந்த கல்யாணத்தில் ஒரு பெரியவரிடம் என்னை இருதய டாக்டர் என்றீர்கள். அவர் பந்தியிலேயே என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து, “இங்கதானுங்க சாமி வலிக்குது” என்றார். இலையில் கைவைத்தபடி எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். நோம்பிக்கு நான் வராததற்கு அந்தக் கூச்சம்தான் காரணம்.

நான் படித்தது சுகாதார உளவியல். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர்கள், புண்ணைத் துணிபோட்டு மறைக்கிறவர்கள், “சர்க்கரையா, எனக்கா?” என்று சிரிக்கிறவர்கள், இவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. முட்டை வண்டியில் ஏற்றிப்போய்க் கோவைக் கல்லூரியில் என்னைச் சேர்த்ததே நீங்கள்தான். திரும்பும் வழியில் அவிநாசி தாண்டுவதற்குள் அதை மருத்துவக் கல்லூரி ஆக்கிவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. காலில் ஒன்றுமே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை முற்றினால் பாதத்து நரம்பு மரத்துப்போகும். நெருப்பும் தெரியாது, வெந்ததும் தெரியாது. அத்தையின் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
தனம்

*

மேட்டுக்காடு
20.4.2025

என் அருமை மருமகளுக்கு,

சர்க்கரையா, எனக்கா? என் ரத்தத்தைக் குடித்த கொசு கசப்பு தாங்காமல் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. காலைப் பார்த்தேன். புது லாரி டயர் மாதிரி இருக்கிறது. இப்போது கலெக்டர் கணக்காக சாக்ஸும் ஷூவும் போடுகிறேன். ஊரே அசந்துவிட்டது.

ராத்திரி படுக்கை பண்ணையில்தான். கோழிக்குத் துணை வேண்டுமல்லவா. உன் அத்தை, “ஏனுங்க, ஊட்டுல படுத்தா என்னங்க, நானென்ன கடிச்சா வெக்கறேன்?” என்கிறாள். அவளுக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. பண்ணை நாற்றத்தில் வேறு எந்த நாற்றமும் எடுபடாது, அது ஒரு வசதி.

பண்ணை வாசலில் மருந்துத் தொட்டி இருக்கிறதே, வெளியார் நோய் கொண்டு வராமல் காலை நனைத்துவிட்டு வருவதற்கு, அதில் நான் காலையும் மாலையும் நின்று நிதானமாக நனைக்கிறேன். கோழிக்குக் கலக்கும் பவுடரும் கைவசம் இருக்கிறது. கோழிக்குக் கேட்கிற மருந்து மனுசனுக்குக் கேட்காதா? பொதுவாகச் சொன்னேன், எனக்குத் தேவை இல்லை.

ஃப்ளெக்ஸை இறக்கிவிட்டேன். வீணாக்கவில்லை. பண்ணையில் என் கட்டிலுக்கு முன்னால் படுதாவாகக் கட்டியிருக்கிறேன். நீ இப்போது வர வேண்டாம். வெயில் அதிகம்.

புது டயர் மாமன்

*

பெங்களூரு
28.4.2025

மாமா,

கோழி மருந்து வேண்டாம். தொட்டியில் இனிமேல் கால் வைக்காதீர்கள்.

திட்டுவதற்காக எழுதவில்லை. அத்தையிடமும் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் உள்ளே போய் ஒளிந்துகொள்வீர்கள். கால் வெந்தது விரதம் கெட்டதால் இல்லை. நீங்கள் காப்புக் கட்டுவதற்கு முன்னாலேயே அந்த நரம்பு செத்திருக்க வேண்டும். ஊர் என்ன சொல்லும் என்கிற வெட்கம் எனக்குப் புரிகிறது. இங்கே என் எதிர் நாற்காலியில் தினமும் அதுதான் வந்து உட்காருகிறது.

நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டையாம்பட்டி பஸ் நிறுத்தத்தில் இறங்கி நிற்பேன். நீங்கள் மட்டும் வாருங்கள். சேலத்தில் டாக்டரிடம் காட்டிவிட்டு வருவோம். நான் ஊருக்குள் வரமாட்டேன், யாருக்கும் தெரியாது. தள்ளிப்போட்டால் கால் போய்விடும் மாமா.

தனம்

*

சேலம், ஆஸ்பத்திரி வார்டு
8.5.2025

தனத்துக்கு,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். என் வாய் தானாக வேறு பக்கம் ஓடிவிடும். எழுதினால் கை கொஞ்சம் மெதுவாகப் போகிறது. எழுதி முடித்ததும் மயில்சாமி போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவான்.

ஞாயிற்றுக்கிழமை நான் வந்தேன். எதிர் பேக்கரியில் உட்கார்ந்திருந்தேன். நீ வெயிலில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, நம்மூர்ப் பக்கமிருந்து பஸ் வரும்போதெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தாய். எழுந்திருக்கத்தான் நினைத்தேன். புண் கசிந்து ஷூவுக்குள் நனைந்திருந்தது, நடந்தால் தரையில் தெரியும். பேக்கரிக்காரன், “அது உங்க டாக்டர் புள்ளைங்களா?” என்று கேட்டான். “இல்லைங்க, யாரோ” என்றேன். அது உன் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது.

அன்றைக்குப் பண்ணைக்கு வந்து, காலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பிரிக்க உட்கார்ந்தேன். படுதாவில் நீ ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டு சிரிக்கிறாய். உன் முகத்துக்கு எதிரில் அந்தக் கட்டைப் பிரிக்க முடியவில்லை. படுதாவைத் திருப்பிக் கட்டினேன். மறுநாள் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன்.

முட்டை வாங்க வந்த பூசாரி மயில்சாமி படுதாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். யார் கண்ணில் படக்கூடாது என்று ஒளிந்திருந்தேனோ அவன். காலைப் பார்த்தான். “ஆத்தா என்னைக் கைவிட்டுட்டா மயிலு” என்றேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து தன் பாதத்தைத் தூக்கிக் காட்டினான். முழுக்கப் பழைய வடு. “எனக்கு வருசா வருசம் வெந்து போகுதுடா. மஞ்சளை அப்பிக்கிட்டுக் கோயலுக்குள்ளயே கெடப்பேன். நீ பன்னீருன்னு சொன்னப்ப உம்மேல எனக்கு அத்தனை பொறாமை” என்றான். அப்புறம் என்னை அவன் வண்டியில்தான் இங்கே கொண்டுவந்தான்.

சர்க்கரை இருக்கிறது. ரொம்ப நாளாக இருக்கிறதாம். சனிக்கிழமை இரண்டு விரலை எடுக்கிறார்கள். பாதம் தப்பும் என்று சொல்கிறார்கள், உறுதியாகச் சொல்லவில்லை. கால் மரத்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது யார் என்று டாக்டரம்மா கேட்டது. “என் மருமக, பெங்களூர்ல இருந்தே ஒரு வரியில கண்டுபுடிச்சா” என்றேன். “அவங்களும் டாக்டருங்களா?” என்றது. வாய் ஆமாம் என்று சொல்லத்தான் போனது. “இல்லைங்க. நோயை ஒளிக்கிறவங்ககிட்ட உக்காந்து பேசற வேலைங்க” என்றேன். உன் படிப்பின் பேர் வாயில் முழுசாக வரவில்லை. நீ வந்ததும் எழுதிக் கொடு.

பாப்பாயிக்கு இன்னும் தெரியாது. குஞ்சு வாங்கப் பல்லடம் போயிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் சொன்னால் விரல் போனதுகூட ஒரு வீரக் கதையாகிவிடும், அவளும் நம்பிவிடுவாள். நீ அவளை அழைத்துக்கொண்டு வா. வந்து என் பக்கத்தில் உட்கார். நான் கதை கட்ட ஆரம்பித்தால் கையைப் பிடித்து நிறுத்து. உன் வேலை அதுதானே சாமி.

சென்னிமலை