போர்ட்டில் ஒட்டிய தாடி முடி

மச்சான்,

நம் மகள் இர்ஃபானாவை அன்று எத்தனை அடி அடித்தேனென்று சரியாக நினைவில்லை, இரண்டென்று நினைக்கிறேன். கீபோர்டின் யுஎஸ்பி போர்ட்டை அவள்தான் உடைத்தாளென்று நம்பினேன். "சின்னப் புள்ளதானே, விடு ஷிஃபா" என்று நீங்கள் பெருந்தன்மை வேறு காட்டினீர்கள்.

இன்று புது போர்ட் பற்றவைக்கத் திறந்தேன். பழைய போர்ட்டைச் சுற்றிப் பசை கொட்டி ஒட்டியிருந்தது; அதில் மருதாணிச் சிவப்பில் உங்கள் தாடி முடி ஒன்று. அருவருப்பாக இருந்தது.

பசையைச் சுரண்டிப் புதியதை வைத்துவிட்டேன்; கீபோர்டு வேலை செய்கிறது. மீன் ஆணம் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள்.

ஷிஃபா

பி.கு. உடைத்ததற்கல்ல, அவள் அழுததைப் பார்த்துக்கொண்டு நின்றீர்களே, அதற்குத்தான் இந்த அருவருப்பு. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று, நீங்கள்தான் பாக்கி. இருவரும் முத்துப்பேட்டையில் உம்மா வீட்டில் இருப்போம்.