கணக்கில் வராத இருமல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. எனக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அதை விசாரிக்காதே, கல் அறுக்கிற பட்டறையில் அத்தனை வருஷம் தூசியைத் தின்றவனுக்கு அது கூட இல்லாமல் இருக்குமா.

உன் தம்பியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போன மாதம், இப்போது அவன் வேலை செய்கிற அதே பட்டறைக்கு எக்ஸ்ரே வண்டியோடு ஒரு டாக்டரம்மா வந்து எல்லோர் நெஞ்சையும் படம் எடுத்தார். நூறு பேருக்கு மேல் பார்த்ததில் இரண்டே பேருக்குத்தான் நுரையீரலில் தூசி நோயாம். முதலாளி அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வாசலில் ஒட்டிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நூலகத்தில் கிடக்கிற நோய்ப் பரவலியல் புத்தகத்தை யாரும் சொல்லித் தராமல் முழுசாகப் படித்தவன், சும்மா இருப்பேனா. நேரே டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன், பஸ்ஸில் மயங்கியவர்களை எல்லாம் வழியிலேயே இறக்கிவிட்டு, மிச்சம் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணி யாருக்கும் மயக்கமில்லை என்றால் அது என்ன கணக்கு என்று. நான் அப்படி மூச்சு முட்டி வேலையை விட்டு இறங்கியவன். பக்கத்து மிஷினில் நின்ற மீசைக்காரரும் இறங்கியவர்தான், இப்போது ஆக்சிஜன் சிலிண்டரோடு கட்டிலில் கிடக்கிறார். டாக்டரம்மா கோபப்படவில்லை. எனக்கும் தெரியும் ஐயா, இன்றைக்கு எத்தனை பேர் நோயோடு இருக்கிறார்கள் என்பது ஒரு கணக்கு, வருஷத்தில் புதிதாக எத்தனை பேருக்கு வருகிறது என்பது வேறு கணக்கு, அதற்கு வேலையை விட்டவர்களையும் தேடிப் பார்க்கவேண்டும், எனக்கு அனுமதி இல்லை, வேலையில் இருக்கும்போது தெரிந்தால்தான் எண்ணமுடியும், அடுத்த வருஷம் மறுபடி வருவேன் என்றார்.

இதை நான் வீட்டில் கத்திக் கத்திச் சொன்னது வினையாகப் போயிற்று. உன் தம்பி காலையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் இருமுகிறான், எங்களுக்குக் கேட்காதாம். அவன் படத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் தூசி உள்ளே போய் நோயாகத் தெரிய வருஷக்கணக்காகும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். வேலையை விடுடா என்றால், விட்டால் நானும் உங்களை மாதிரி கணக்கில் இல்லாமல் போவேன்ப்பா, வண்டி திரும்ப வரும்வரை மிஷினை விட்டு நகரமாட்டேன், என் நெஞ்சையும் எண்ணிக்கொண்டு போகட்டும் என்கிறான். வீடு வாசலை எழுதி வைக்கத் துப்பில்லை, பிடிவாதத்தை மட்டும் பிள்ளைக்கு எழுதி வைத்துவிட்டீர்கள் என்று அம்மா என்னைப் பிடித்துக்கொள்கிறாள். நான் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை, யாருக்காகவும் மாற்றிச் சொல்லமாட்டேன். அதற்காக இவன் ஏன் தூசியில் நிற்கவேண்டும்? வாயைத் திறந்தால் என் பேச்சையே எனக்குத் திருப்பிச் சொல்கிறான்.

அக்கா பேச்சுக்கு மட்டும்தான் அவன் அடங்குவான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பான், மறக்காமல் கூப்பிடு, நான் எழுதியதாகச் சொல்லாதே. கணக்கு தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும், நீ வெளியே வா என்று சொல். எனக்கு அது வாயில் வரமாட்டேன் என்கிறது.

குழந்தைக்கு என் முத்தம். எல்லோரும் நல்ல மூச்சோடு நெடுநாள் இருங்கள்.

உன் அப்பா