இடது இருக்கையின் எடை

சேசு மரி சூசை துணை
பட்டாபிராம், 12.1.2025

அன்புள்ள ஜெயாவுக்கு,

நான் நலம். நீயும் ரியாவும் நலமா? நீ போனை எடுப்பதில்லை. தபாலாவது முகப்பேருக்கு வந்து சேரட்டும் என்று எழுதுகிறேன்.

நம் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை முழுசாகப் பிரித்துவிட்டேன். ஐம்பத்தெட்டு வருஷத்து ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுப் புதுசு மாட்டியாயிற்று. ஸ்டியரிங்குக்குக் கீழே சின்ன மோட்டார் வைத்துப் பவர் ஸ்டியரிங்காகவும் ஆக்கிவிட்டோம். முன்னே மல்லுக்கட்டித் திருப்புவேனே, இப்போது ஒரு விரல் போதும். அம்பத்தூர் மெக்கானிக் அமல்ராஜ் சொல்கிறான்: "அண்ணாத்தே, அண்ணியை ஏத்திகினு போனா பூந்தமல்லி வர்றதுக்குள்ள தூங்கிடுவாங்க. அப்டி மெத்துனு கீது."

குலுக்கல் தாங்காமல்தானே "இனி இந்த வண்டியில் ஏறமாட்டேன்" என்று ரியா வீட்டுக்குப் போனாய்? எட்டு மாதமாகிறது. ஒரு ஆளுக்கு அரிசி அளக்க எனக்கு இன்னும் வரவில்லை. தினமும் சோறு மிஞ்சுகிறது.

ஒரு உதவி. வீல் அலைன்மென்ட் பார்க்கும்போது, உட்காரப்போகிறவர்களின் எடையை இருக்கையில் வைத்துத்தான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். உனக்காக அறுபத்திரண்டு கிலோ அரிசி மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். சரிதானே?

அன்புடன்,
இக்னேஷியஸ்


முகப்பேர், 20.1.2025

ரியா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முப்பத்தேழு வருஷத்தில் சாப்பிட்டாயா என்று கேட்காத மனுஷன் எடை கேட்டு எழுதியிருக்கிறார், அதுவும் காருக்காக! நல்ல கூத்து. ரியாவும் நானும் சிரித்தோம்.

ஐம்பத்து நான்கு. எழுதிக்கொள்ளுங்கள்.

குலுக்கலால் நான் போகவில்லை. அந்தச் சனிக்கிழமை ஆவடியிலிருந்து என்னை ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். இந்து கல்லூரி ஸ்டேஷன் தாண்டும்போது, "ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். நீங்கள் கையைத் தூக்கி, "உஷ்! இரு இரு, முன்னாடி ஏதோ கடக்குனு சத்தம் கேக்குது" என்றீர்கள். வீடு வரும்வரை வாயை மூடிக்கொண்டு வந்தேன். வந்ததும் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டீர்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது.

பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள். ஒரு வேளைக்கு அரை டம்ளர் அரிசி போதும்.

ஜெயகுமாரி


சேசு மரி சூசை துணை
பட்டாபிராம், 3.2.2025

அன்புள்ள ஜெயாவுக்கு,

உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். கையைத் தூக்கியது தப்புதான். ஒத்துக்கொள்கிறேன்.

ஐம்பத்து நான்கு என்றது நல்லதாகப் போயிற்று, வண்டிக்குப் பாரம் குறைவு. மூட்டையிலிருந்து எட்டு கிலோவை எடுத்துவிட்டு, உன் இருக்கையில் வைத்து, பெல்ட்டும் போட்டு அலைன்மென்ட் பார்த்தோம். அளவு சுத்தமாக நிற்கிறது. நேற்று மூட்டையோடு பூந்தமல்லிவரை போய் வந்தேன். சத்தமே இல்லை ஜெயா. ஒரு கடக் இல்லை, ஒரு கிறீச் இல்லை. திரும்பும்போது மூட்டையைப் பார்த்து, "ஏதாவது பேசேன்" என்று சொல்லிவிட்டேன். யாராவது கேட்டிருந்தால் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அன்று என்ன சொல்ல வந்தாய்? இப்போது சொல். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போகட்டுமா?

உன்,
இக்னேஷியஸ்


முகப்பேர், 12.2.2025

ரியா அப்பாவுக்கு,

கேட்டதால் சொல்கிறேன். அன்று ஆஸ்பத்திரியில் ரிசல்ட் வாங்கிக்கொண்டு வந்தேன். மார்பில் கட்டி, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆபரேஷனும் மருந்தும் முடிந்துவிட்டன. ரியாதான் கூட இருந்தாள். உங்களிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியது நான், அவளைத் திட்டாதீர்கள். இனிப் பயமில்லை என்கிறார் டாக்டர். முடி மறுபடி வளர்கிறது.

ஐம்பத்து நான்கு என்று எழுதும்போது எனக்கு ஒரு நப்பாசை. 'எட்டு கிலோ எங்கே போச்சு ஜெயா?' என்று ஒரு வரி வரும் என்று இரண்டு வாரம் தபாலுக்குக் காத்திருந்தேன். நீங்கள் மூட்டையிலிருந்து எட்டு கிலோ அரிசியை எடுத்திருக்கிறீர்கள்.

நீங்கள் கெட்டவர் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் நான் வரவில்லை. மூட்டையை இறக்கிவிட்டு, ஒரு ஆள் எடைக்கு அலைன்மென்ட் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டு வருவதற்குள் அரிசியைச் சமைத்துவிடுங்கள்.

ஜெயகுமாரி


சேசு மரி சூசை துணை
பட்டாபிராம், 2.3.2025

என் ஜெயாவுக்கு,

தராசு முள்ளைப் பார்த்தேன், உன்னைப் பார்க்கவில்லை. என்னை மன்னித்துவிடு. இரண்டு தடவை பஸ்ஸில் முகப்பேர் வந்து உங்கள் பிளாக்குக்குக் கீழே நின்றேன். ஏறி வர எனக்கு முகமில்லை.

மாத்திரை போடுகிறேன். அரை டம்ளர் சரியாக இருக்கிறது.

மூட்டையையும் இறக்கிவிட்டேன். இப்போது வண்டி லேசாக வலது பக்கம் இழுக்கிறது. "வுடு அண்ணாத்தே, ஒத்த ஆளுக்கு செட் பண்ணிக்கலாம், அரை மணி வேலைதான்" என்றான் அமல்ராஜ். வேண்டாம் என்றுவிட்டேன். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடது பக்கமாகப் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறேன்.

இக்னேஷியஸ்