செதில் மயில்

நவம்பர் 6, வியாழன்

மூன்றாம் வகுப்புக்கு இன்று ஜிகினா செய்யக் கற்றுக்கொடுத்தேன். கடை டப்பா ஒன்றுகூட வாங்கவில்லை. தூள் உப்பு, அதில் நாலு சொட்டு ஃபுட் கலர், பிசறி நியூஸ் பேப்பரில் உலர்த்தினால் ஜிகினா. வீடியோவில் பார்த்ததுதான். பிள்ளைகளிடம் மட்டும் நானே கண்டுபிடித்த மாதிரி அளந்துவிட்டேன். இருபத்தாறு பேருக்கும் உள்ளங்கை சிவப்பு, பச்சை. ஒருத்தன் நக்கிப் பார்த்துவிட்டு, "ஊறுகாய்க்குப் போடலாம் டீச்சர்" என்றான்.

குழந்தைகள் தினத்துக்கு ஆளுக்கொரு வாழ்த்து அட்டை. திங்கட்கிழமை வீட்டிலிருந்து மின்னுகிற எதையாவது கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மிட்டாய்க் காகிதம், மாத்திரை அட்டை, தைத்து மிஞ்சிய சம்கி, எது வேண்டுமானாலும். வளையல் துண்டு மட்டும் கூடாது.

நவம்பர் 10, திங்கள்

நல்ல நாள்தான், ஒன்றைத் தவிர. பனித்திட்டிலிருந்து வரும் மோனிஷா ஒரு காபித்தூள் பாட்டில் நிறைய மீன் செதில் கொண்டுவந்துவிட்டாள். அவள் அம்மா மீன் விற்கிறவள். வகுப்பில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாற்றம். பாட்டிலோடு குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வா என்றேன். மற்ற பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அதட்டினேன். சுகாதாரம் என்று ஒன்று இருக்கிறதே. யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

நவம்பர் 11, செவ்வாய்

மோனிஷா வரவில்லை. மழை காரணமாக இருக்கும்.

நவம்பர் 13, வியாழன்

உப்பு ஈரத்தை இழுக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அபிஷேகப்பாக்கத்தில் பிறந்து, ஐப்பசி மழையை நாற்பது வருஷமாகப் பார்க்கிறவள்! அலமாரியைத் திறந்தால் அட்டைகள் எல்லாம் அழுதுகொண்டிருந்தன. பச்சையும் சிவப்பும் வழிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. நாளை விழா.

அடியில், ஒரு நோட்டு அட்டைக்குள், நான் பார்த்திராத ஒன்று. மயில். தோகை முழுக்கச் செதில், ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஓடு வேய்ந்த மாதிரி. கொஞ்சம் நீலம், கொஞ்சம் பச்சை, ஓரம் மட்டும் சாயமில்லாமல் வெள்ளி. சாய்த்தால் அப்படி மின்னுகிறது. பின்னால் 'மோனிஷா, 3ஆம் வகுப்பு'. திங்கட்கிழமை செய்தே கொண்டுவந்திருக்கிறாள்.

மூக்கருகே வைத்துப் பார்த்தேன். எலுமிச்சை வாசம், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை எழுதியதைத் திரும்பப் படித்தேன். பொய். இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன் - நான் அந்தப் பாட்டிலைத் திறக்கவே இல்லை. மூடி மூடியபடி இருந்தது. மீன் என்று தெரிந்ததும் நாற்றம் என்று சொல்லிவிட்டேன். நாறியது அந்தப் பாட்டில் இல்லை. சீ, என்ன ஜென்மம் நான்.

தொட்டியில் போய்ப் பார்த்தேன். கொம்யூன் பஞ்சாயத்துக் குப்பை வண்டி வந்து அள்ளிப் போய்விட்டது.

நவம்பர் 14, வெள்ளி

விழா முடிந்தது. எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

ஹெட்மாஸ்டர் உலகநாதன் சார் மயிலைக் கையில் எடுத்தார். "இன்னா டீச்சர் இது, சூப்பரா இருக்கு. யாரு செஞ்சது?" என்றார். மோனிஷா வரிசையில் நாலடி தள்ளி நின்றாள். அவள் பெயரைச் சொன்னால், செதில் எங்கே, மற்றப் பிள்ளைகளுக்கு ஏன் தரவில்லை என்று கேட்பார். அதற்குள் எவனாவது குப்பைத் தொட்டி கதையை எடுத்துவிடுவான். வாய் முந்திக்கொண்டது.

"நான்தான் சார், சும்மா ட்ரை பண்ணிப் பாத்தேன்."

பின்பக்கம் அவள் பெயர் இருந்தது. கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன். எட்டு வயதுப் பிள்ளை கேட்டுக்கொண்டு நிற்கிறது. என்னைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்தது.

நவம்பர் 18, செவ்வாய்

செலவில்லாத கைவினை என்று டீச்சர்களுக்கு ஒரு போட்டியாம். சார் மயிலின் போட்டோவை என் பெயரில் அனுப்பிவிட்டார். அனுப்பிய பிறகுதான் சொன்னார். அப்போதாவது சொல்லியிருக்கலாமே? "தேங்க்ஸ் சார்" என்றேன்.

நவம்பர் 24, திங்கள்

தேர்வாகிவிட்டேன். டிசம்பர் 12, பாகூரில் நாற்பது டீச்சர்களுக்கு முன்னால் செய்துகாட்ட வேண்டும். எனக்குச் செய்யத் தெரியாது!

நவம்பர் 26, புதன்

கொடுவா மீன் செதில் வாங்கிவந்து சோப்புத்தூள் போட்டு அலசினேன். வெயிலில் வைத்தேன். சுருண்டு, மஞ்சளாகி, வீடே நாறியது. "இன்னாடி, வூட்ட மார்க்கெட் ஆக்கிட்டியா?" என்றார் என் வீட்டுக்காரர். மீனைக் கண்டால் ஒரு பிடி அதிகம் சாப்பிடுகிற மனுஷன்.

நவம்பர் 27, வியாழன்

இன்று செய்ததுதான் எல்லாவற்றிலும் கேவலம். இடைவேளையில் மோனிஷாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னாள். "உப்புத் தண்ணில ரெண்டு நாளு போட்டு வெக்கணும் டீச்சர். தண்ணிய மாத்திக்கினே இருக்கணும். அப்புறம் எலுமிச்சம்பழம். நெழல்லதான் காய வெக்கணும், வெயில்ல வெச்சா சுருட்டிக்கும்."

"எதுக்கு டீச்சர்?" என்று கேட்டாள்.

"சும்மாதான்" என்றேன். தலையாட்டினாள். அவளுக்குத் தெரியும், தெரியாமல் என்ன?

டிசம்பர் 3, புதன்

பேப்பரில் என் போட்டோ, கையில் மயில். அண்ணி போன் செய்தாள். தெருவில் இரண்டு பேர் நிறுத்திக் கேட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றையும் நானே பரிமாறிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 4, வியாழன்

சாயந்திரம் பள்ளிக் கேட்டருகில் மோனிஷாவின் அம்மா வள்ளியம்மாள் நின்றாள். காலிக்கூடை இடுப்பில். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பேப்பர்ல பாத்தேன் டீச்சர். இன்னாடி, நம்ப மயிலு மாரியே இருக்குதேன்னு பொண்ணக் கேட்டேன். நான்தாம்மா டீச்சருக்குக் குடுத்தேன், அவுங்களுக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சின்னு சொல்லிச்சி. மீனு அறுக்கற எடத்துல சும்மா போறதுதான, புள்ளக்கி வெளாட ஆவுமேன்னு நான்தான் ஒரு நாளு கழுவிப் பாத்தேன். இது போய்ப் பேப்பர்ல வரும்னு யாரு கண்டா!"

சிரித்தாள். பிறகு கேட்டாள், "அந்தப் பாட்டிலு காலியாயிட்டா குடுத்தனுப்புங்க டீச்சர், இன்னும் போட்டுத் தரேன்."

அந்தப் பிள்ளை வீட்டில் சொல்லவே இல்லை. நான் குப்பையில் போடச் சொன்னதை, வகுப்பே சிரித்ததை - ஒன்றையும். அம்மா மனசு நோகக்கூடாதென்றா? இல்லை, என்னைக் காப்பாற்றவா? எதுவாக இருந்தாலும் தாங்கவில்லை. "அனுப்புறேம்மா" என்றேன். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய், ஓரமாக நிறுத்தி அழுதேன்.

டிசம்பர் 5, வெள்ளி

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வுடுங்க டீச்சர். பேரு போயிடிச்சி, போட்டோவும் வந்துடிச்சி. சின்னப் பொண்ணுக்கு இன்னா தெரியப் போவுது?" என்றார். ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், அப்பாடா என்றிருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

பனித்திட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று சொன்னேன். உள்ளே போய் உட்கார்ந்தால் காபி கொடுத்துவிடுவாள், அப்புறம் வாய் வராது.

வள்ளியம்மாள் கேட்டது ஒன்றுதான். "தெறந்து பாக்கலியா டீச்சர்?"

"இல்லம்மா."

"நாலு நாளு ஒக்காந்து கழுவனது" என்றாள். கத்தியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். கதவின் பின்னாலிருந்து மோனிஷா எட்டிப் பார்த்தாள், குற்றம் செய்தவள் மாதிரி. அவள் எதற்கு அப்படி நிற்க வேண்டும்? வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் பாகூருக்கு வர வேண்டும், அவள்தான் செய்துகாட்ட வேண்டும் என்றேன். "பாக்கலாம்" என்று வள்ளியம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டிசம்பர் 8, திங்கள்

வகுப்பு முன்னால் மோனிஷாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று மூக்கைப் பிடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மோனிஷா தலை நிமிரவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

வந்தார்கள். யாவாரத்தை விட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு. உட்காரச் சொல்லியும் வள்ளியம்மாள் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டாள்.

மைக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். என் வேலை இல்லை இது, குப்பையில் போடச் சொன்னவள் நான், போட்டியில் பொய் சொன்னவளும் நான். மனசு லேசானது. லேசானதும், வழக்கம்போல என் வாய் கொஞ்சம் நீண்டது. "இது முழுக்க முழுக்க எங்கள் மோனிஷாவின் கண்டுபிடிப்பு. எட்டு வயதுக் குழந்தையின் மூளையில் உதித்தது" என்றேன். கைதட்டல். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மோனிஷாவிடம் மைக்கைக் கொடுத்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"டீச்சர் தப்பா சொல்றாங்க. நான் கண்டுபுடிக்கல. எங்கம்மா கண்டுபுடிச்சிது. நான் கூட இருந்து ஒட்டனேன், அவ்ளோதான். அதோ நிக்கிது பாருங்க, அதான் எங்கம்மா."

எல்லோரும் திரும்பினார்கள். வள்ளியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டினாள். முன்வரிசை டீச்சர் ஒருத்தி எழுந்துபோய் அவள் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தாள்.

நான் இறங்கி, அந்த டீச்சர் எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, அம்மாவும் பெண்ணும் சொன்னதை வரிசையாக எழுதிக்கொண்டேன்.