போன வருஷத்துத் தொண்டைவலி

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், நீ எப்படி இருக்கிறாய்? இந்த முறை நலம் என்று எழுதியிருப்பது உண்மை. போன வருஷம் இதே சொல்லை எழுதினேனே, அது பொய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன், நீ பயந்துபோவாய்.

போன வருஷம் இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து அப்பா ஐந்து நாள் உன்னோடு பேசவில்லை, தொண்டைவலி என்று சொன்னேன். அவர் தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. மயக்கம் தெளிந்ததிலிருந்து ஆளே வேறாக இருந்தார். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனுஷர், இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டதாக நினைத்து, கதவைத் திற என்று கட்டில் கம்பியை உலுக்கினார். கையில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்தார். என்னைக் காட்டி நர்சிடம், "இந்த அம்மா யாரு, என் சட்டைய எதுக்கு மடியில வச்சிருக்காங்க, வெளிய போகச் சொல்லுங்க" என்றார். நானும் போய் வராந்தாவில் நின்றேன். ஆறாம் நாள் தானாகத் தெளிந்துவிட்டது, அவருக்கு ஒன்றும் நினைவில்லை. வயசானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இப்படி வருவதுண்டு என்றார்கள். புத்தி பிசகிவிட்டது என்று நாலு பேர் பேசுவார்களே என்று நான் வாயை மூடிக்கொண்டேன், அவரிடமும் சொல்லவில்லை.

இந்த வருஷம் அப்பாவின் இதய ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டரம்மா வந்து, போன தடவை விழித்தபிறகு குழப்பம் ஏதாவது இருந்ததா என்று கேட்டார். உன் அப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டு, "எனக்கா, சேச்சே" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன் பாப்பா. டாக்டரம்மா போனபிறகு எனக்கு உட்கார முடியவில்லை. படியேறிப் போய் அவர் அறைக்கதவைத் தட்டி எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. நல்லவேளை சொன்னீங்க, ஒரு தடவை வந்தவங்களுக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம், இதை அவருக்கும் நீங்களே சொல்லிடுங்க என்றார். சொன்னேன். அப்பா, "உன்னையா யாருன்னு கேட்டேன்" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் மயங்குவதற்கு முன்பே அவர் நெற்றியில் இரண்டு பக்கமும் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டினார்களாம். அதிலிருந்து ஒரு வெளிச்சம் உள்ளே போய், மூளைக்கு ஆக்சிஜன் எவ்வளவு கிடைக்கிறது என்று திரையில் காட்டுமாம். விழித்திருக்கும்போது இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, ஆபரேஷன் நடக்கும்போது அதற்கு ரொம்பக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வார்களாம். உன் அப்பா விடுவாரா, "லிஃப்ட் எந்த மாடியில நிக்குதுன்னு காட்டற மாதிரி, இல்ல டாக்டர்" என்று கேட்டிருக்கிறார். நடுவில் ஒருதரம் வலது பக்க எண் இறங்கியது, தலை சாய்ந்திருந்ததை நேராக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றியதும் திரும்ப ஏறிவிட்டது என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். இதை ஒட்டியதால் குழப்பம் கட்டாயம் வராது என்று வாக்குக் கொடுக்க முடியாது, எங்களால் ஆனதைச் செய்கிறோம் என்றும் சொல்லியிருந்தார். கண்ணும் காதும் தெளிவாக இருந்தால் குழப்பம் குறையுமாம், அதனால் விழித்ததும் கண்ணாடியையும் காது மெஷினையும் உடனே மாட்டிவிடுவது என் பொறுப்பு.

ஜன்னலில்லாத அந்தக் காத்திருக்கும் அறையில் எனக்கு நேரமே தெரியவில்லை. மூச்சுக்காக அவர் வாயில் வைத்திருந்த குழாயை எடுத்துவிட்டுக் கூப்பிட்டார்கள், கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டினேன். இன்னிக்கு என்ன கிழமை என்று டாக்டரம்மா கேட்டார். அப்பா கரகரத்த குரலில் வியாழன் என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. புதன்கிழமைதானே, போச்சு, மறுபடியும் ஆரம்பித்துவிட்டது என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வியாழன்தாம்மா, நேத்துதான் புதன்" என்று நர்ஸ் சிரித்தாள். அந்த ஸ்டிக்கரை எனக்குத்தான் ஒட்டியிருக்க வேண்டும். பிறகு டாக்டரம்மா என்னைக் காட்டி, இவங்க யாரு என்றார். அப்பா என்னையே பார்த்தார். "போன வருஷம் இவங்க யாருன்னு நான் கேட்டேனாம், அத ஒரு வருஷமா வயித்துலயே வச்சிருந்தவங்க" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இப்போது வீட்டுக்குள் நடக்கிறார், பக்கத்துக் கட்டிட லிஃப்ட் சத்தம் சரியில்லை என்று குறை சொல்கிறார். நீ வர முடியவில்லையே என்று மருகாதே. நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, நீ எடுத்துக்கொண்ட காரியமெல்லாம் கைகூடட்டும், மனசும் உடம்பும் திடமாக இருக்கட்டும். இன்னும் ஒன்று. இரண்டு மாதமாகப் போனில் உன் குரல் கம்மியிருக்கிறது, கேட்டால் வேலை ஜாஸ்தி என்கிறாய். நான் சொன்ன தொண்டைவலி மாதிரிதானே அது? எனக்குத் தெரியும் பாப்பா. நலம் என்று எழுதாதே, உள்ளதை எழுது.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அம்மா