அம்மாவோடு நானும் ஆடப் போகிறேன்

அன்பு மகள் தமிழ்வாணிக்கு அப்பா எழுதுவது. சமயநல்லூரில் நானும் அம்மாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்கக் கருப்பசாமி காக்கட்டும். போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே இருப்பதால் சில விஷயங்களைச் சொல்ல முடிவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

தை மாதம் ரேஷன் கடைக்குப் போன அம்மா, வீட்டுக்கு வழி தெரியாமல் பக்கத்து ஊரான பரவை வரை நடந்து போய்விட்டாள். உன்னிடம் மறைத்தது என் தப்புதான். டாக்டர் பார்த்துவிட்டு மறதி நோயின் தொடக்கம் என்றார், மாத்திரை எழுதினார், கூடவே நாட்டியம் போலப் புதிதாக ஏதாவது கற்கச் சொன்னார். பரதநாட்டியம் என்றால் காலையும் கையையும் கண்ணையும் தாளத்தையும் ஒரே நேரத்தில் நினைவில் வைக்க வேண்டும், அது மூளைக்கு நல்லதாக இருக்கலாம், ஆனால் நோயே போய்விடும் என்று நம்பிவிடாதீர்கள் என்றார். அம்மாவா கேட்பாள், களை எடுத்த காலில் சலங்கை கட்டினால் தெருவே சிரிக்கும் என்றாள். கடைசியில் "நீங்களும் ஆடுனா வாரேன்" என்று ஒரே பிடிவாதம்.

கப்பலூர் பட்டறையில் முப்பது வருஷம் நின்றே தேய்ந்த முழங்கால் எனக்கு. இருந்தும் வாரம் மூன்று நாள் பஸ் ஏறி நாட்டியம் சொல்லித்தரும் ஸ்வர்ணா டீச்சரிடம் போகிறோம், பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று, தரையில் காலைத் தட்டி ஆடும் முதல் பாடமான தட்டடவு போடுகிறோம். நேற்றுப் படித்தது இன்று அவளுக்கு நினைவில் இருப்பதில்லை, வீட்டுக்கு வந்தால் சமையலும் நான்தான், அலுத்துப்போகிறது மகளே. போன மாதம் ஒரே அடவைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்து ஆத்திரத்தில் கத்திவிட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தவள் கொஞ்ச நேரத்தில் அதையும் மறந்து, சாப்பிட்டீர்களா என்று என்னைக் கேட்டாள். எனக்குத்தான் இன்னும் மறக்கவில்லை.

நேற்று வகுப்பில் தாளம் வேகம் பிடித்ததும் எனக்குக் கால் தடுமாறியது. அம்மா ஆட்டத்தை நிறுத்தாமலே, "எடது காலுங்க, வலது இல்ல" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. டீச்சர் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது எங்கே போய்விட்டு வருகிறோம் என்று கேட்டாள், சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து "நான் நல்லா ஆடுனேனா" என்றாள். என்னைவிட நன்றாக ஆடினாய் என்றேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, பேத்தியைக் குளிரில் விடாதே, மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். லீவு கிடைத்ததும் வா, அடுத்த வருஷம் என்று தள்ளிப்போடாதே. இன்றைக்கு அம்மா உன் பெயரை மறக்காமல் சொல்லித்தான், எப்போது வருவாய் என்று கேட்டாள்.

உன் அப்பா,
சிவபாண்டி